ஒற்று ஒன்றோ, பலவோ?

பிறர் பேசக் கேட்டவளவிலே சொல்லைச் சொல்லாகவும் தொடரைத் தொடராகவும் பிரித்துப் பொருள் கொள்ளுதல் நமக்கு இயல்பாய் அமைந்துவிட்டது. மூச்சு விடுதலைப் போல அதனையும் நாம் ஒரு தொழிலாக எண்ணுவதில்லை. அத்தொழிலைத் தானாக ஒன்றும் அறியாத கணினியைக் கொண்டு செய்விக்கப் புகும்போதுதான், நாம் அறிந்தனவாக எண்ணியிருந்தவற்றுள் உண்மையில் அறிந்தவை எத்துணை என்பது விளங்குகின்றது. இதனை யான் நூலிற் கற்றேனல்லேன்; நண்பரொருவருக்கு இழைத்த தீங்கினாற் கற்றேன். அவ்வரலாற்றை ஒளியாது உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்துத் தொடரொன்றை வாங்கி, ஓர் இலக்கணத்திற்கேற்ப அதனை உறுப்புறுப்பாகப் பிரித்துத் தரும் நிரலைப் பகுப்பி என்று கூறுவர். கணக்கேட்டின் வரியைத் தேதியும் பெயரும் தொகையுமாகப் பிரிப்பதும் பகுப்பியின் வேலையே. 2 + 3 × 4 என்று எழுதியிருப்பின், பெருக்கலை முற்படக் கொண்டு 14 என்னும் விடை வரும்படி அதனைப் பிரித்துக் காட்டுவதும் அதன் வேலையே. யான் எழுத விரும்பியது வெண்பாவை அலகிட்டுத் தளை பார்க்கும் பகுப்பி. கணிதம் பயிலும் எனக்குத் தமிழ் யாப்பின்மேல் ஆசை உண்டாயதற்கு, விடுதியில் என்னோடு ஓரறையில் வதிந்த நண்பரே காரணமாவர். அவர் நள்ளிரவிலும் விரல்விட்டு எண்ணிக்கொண்டு வெண்பா இயற்றுவார். அவ்விரல்களின் வேலையைக் கணினிக்கு ஏன் கற்பித்தலாகாது என்று ஒருநாள் எனக்குத் தோன்றிற்று.

யாப்பிலக்கணம் பகுப்பி எழுதுவோர்க்கென்றே வகுக்கப்பட்டதோ என ஐயுறத்தக்க அமைப்பினை உடையது. எழுத்துக்கள் கூடி அசையாகின்றன. அசைகள் கூடிச் சீராகின்றன. சீர்கள் தளையாற் பிணிப்புண்டு அடியாகின்றன. குறிலோ நெடிலோ தனித்தேனும் ஒற்றடுத்தேனும் வரின் நேரசையாம். இருகுறில் இணைந்தேனும், குறிலும் நெடிலும் இணைந்தேனும், தனித்தோ ஒற்றடுத்தோ வரின் நிரையசையாம். மாச்சீரின் முன் நிரை வருதலும், விளச்சீரின் முன்னும் காய்ச்சீரின் முன்னும் நேர் வருதலும் வெண்டளை. இவையெல்லாம் பள்ளியிலேயே மனனஞ் செய்தவை. ஆதலின், ஒரு வாரத்தில் இந்நிரலை முடித்துவிடலாம் என்று செருக்குற்றேன்.

முதல் இடையூறு எழுத்திலேயே நேர்ந்தது. நாம் ‘தமிழ்’ என்னுஞ் சொல்லில் மூன்று எழுத்துக்களைக் காண்கின்றோம். கணினியோ ஐந்து குறிகளைக் காண்கின்றது. 1991-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் யூனிகோடு என்னும் குறியீட்டு முறையில் அகரமேறிய மெய்க்கு ஒரு குறியும், இகரம் முதலிய உயிர்களின் அடையாளங்களுக்குத் தனித்தனிக் குறிகளும், புள்ளிக்கு மற்றொரு குறியும் உண்டு. த, ம, இகரக்கொம்பு, ழ, புள்ளி என ஐந்தாயினமை இவ்வாறே. இவ்வண்ணமே ‘வாழ்க்கை’ என்பதில் நாம் காணும் எழுத்து 4. கணினி காணுங் குறி 8. அன்றியும், ‘கொ’ என்னும் ஓரெழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். முன்னொன்றும் பின்னொன்றுமாக இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு. ஆகவே குறிகளை எழுத்துக்களாகத் திரட்டுதலே முதற் பகுப்பாயிற்று.

யான் அந்நாளிற் கற்றிருந்தது, ‘இதைச் செய், பிறகு அதைச் செய்’ என்று படிப்படியாகக் கட்டளையிடும் நிரல்மொழி. தொடரில் எவ்விடத்தில் நிற்கின்றோம் என்பதைக் காட்டும் எண்ணொன்றை வைத்துக்கொண்டு, அதனை ஓரிடத்தில் ஒன்று கூட்டியும், மற்றோரிடத்தில் இரண்டு கூட்டியும், பிறிதோரிடத்தில் ஒன்று குறைத்தும், ‘இவ்வாறாயின் அவ்வாறு’ என்னும் நிபந்தனைகளை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கியும், ஏறத்தாழ 400 வரிகளில் ஒரு நிரலை எழுதி முடித்தேன். எனக்குத் தெரிந்த வெண்பாக்கள் சிலவற்றைக் கொடுத்துப் பார்த்தேன். அனைத்திற்கும் ‘சரி’ என்றது. வேண்டுமென்றே தளை கெடுத்த அடிகளுக்குப் ‘பிழை’ என்றது. மகிழ்ச்சி மிக்கு நண்பரிடம் காட்டினேன். அவரும் வியந்தார். அவர் வியந்ததே பின்னர்த் தீங்காயிற்று.

அவ்வாண்டு தமிழ் மன்றத்தில் வெண்பாப் போட்டி நடந்தது. நண்பர் இல்லறத்தைப் பற்றி ஒரு வெண்பா இயற்றியிருந்தார். அதன் முதலடி ‘வாழ்க்கை’ என்று தொடங்கிற்று. இரண்டாமடி ‘தாழ்வில்’ என்று தொடங்கிற்று. போட்டிக்கு முந்திய இரவில் அதனை என் நிரலுக்குக் கொடுத்தார். நிரல் முதலடியில் ‘பிழை’ என்றது. எங்குப் பிழை, என்ன பிழை என்று அது கூறவில்லை. கூறும் ஆற்றலை யான் அதற்கு அளித்தேனல்லேன். யான் அப்போது உறங்கிக்கொண்டிருந்தேன். அவர் சீர்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்திருக்கின்றார். ‘வாழ்க்கை’ என்பதை நீக்கி ‘உலகம்’ என்று வைத்தபோது நிரல் ‘சரி’ என்றது. எதுகை போயினும் போகுக, தளை பிழைத்தல் ஆகாதென்று துணிந்து, அவ்வாறே எழுதிக் கொடுத்துவிட்டார்.

பரிசு பிறர்க்குச் சென்றது. முடிவு அறிவித்த பின்னர்த் தமிழாசிரியர் அவரை அழைத்து, “தளை எங்கும் வழுவவில்லை. ஆனால் இரண்டாமடி ‘தாழ்வில்’ என்று தொடங்கும்போது முதலடி ‘உலகம்’ என்று தொடங்குவானேன்? எதுகை இல்லாமல் முதலடி வேறொருவர் பாட்டிலிருந்து எடுத்தது போல நிற்கிறதே!” என்றார். நண்பர் தயங்கித் தயங்கி, முன்னர் ‘வாழ்க்கை’ என்றே இருந்தது என்பதையும், மாற்றியதன் காரணத்தையும் கூறினார். ஆசிரியர் நகைத்தார். “வாழ்க், கை. நேர், நேர், தேமா. இதில் என்ன குறை கண்டீர்?” என்றார். அவ்விடத்தில் யானும் நின்றிருந்தேன். என் முகம் எவ்வாறிருந்தது என்பதைப் படிப்போர் உணர்ந்துகொள்வர்.

அறைக்குத் திரும்பியதும், “நும் காதுக்குச் சரியெனப்பட்டதை ஏன் மாற்றினீர்?” என்று அவரைக் கேட்டேன். “மும்முறை விரல்விட்டுப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. ஆயினும் இயந்திரம் பிழையென்றபடியால், யான் அறியாத விதி ஏதோ ஒன்று உண்டு போலும் என்று எண்ணினேன்” என்றார். அவர் என்னைக் கடிந்து பேசியிருப்பின் எனக்கு அத்துணைத் துன்பமாயிராது.

நிற்க. பிழையைத் தேடப் புகுந்தேன். இரண்டு இரவுகள் அந்த 400 வரிகளையும் புரட்டினேன். ஓரிடத்தில் எண்ணைக் கூட்டினால் ‘வாழ்க்கை’ சரியாகும். வேறொரு சொல் கெடும். அதனைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும். என் நிரலுக்குள் யாப்பிலக்கணம் இருந்தது உண்மையே. ஆனால் நெல்லிற் கலந்த கல்லைப் போல அது வரிகளுக்குள் கலந்து கிடந்தது. ‘நேரசைக்குரிய விதி எங்கே?’ என்று எவரேனும் கேட்டிருப்பின், இதோ என்று சுட்டிக் காட்டுதற்கு ஓரிடமும் இல்லை.

எங்கள் கணித விரிவுரையாளரிடம் இக்குறையை முறையிட்டேன். அவர் ஹாஸ்கெல் என்னும் மொழியை எனக்கு அறிமுகஞ் செய்துவைத்தார். ஹாஸ்கெல் கரி (1900–1982) என்னும் அமெரிக்கத் தருக்க அறிஞரின் பெயரைத் தாங்கிய அம்மொழியை வகுத்தற்கு அறிஞர் பலர் 1987-இல் ஒருங்கு கூடினர். அதன் முதல் அறிக்கை 1990-இல் வெளிவந்தது. இது சார்பு நிரல்மொழிகளுள் ஒன்று. கணிதத்தில் ஒரு சார்பு, கொடுத்ததை வாங்கி விடையொன்றைத் தருவதன்றி வேறொன்றும் செய்வதில்லையன்றோ? இம்மொழியிலும் நிரலென்பது அத்தகைய சார்புகளின் கோவையே. ஒருமுறை ஒரு பெயர்க்கு இட்ட பொருள் பின்னர் மாறுவதில்லை. கூட்டியும் குறைத்தும் என்னை அலைக்கழித்த அந்த எண்ணுக்கு இங்கு இடமே இல்லை.

இம்மொழியிற் பகுப்பி யாது? அதுவும் ஒரு சார்பே. அது ஒரு தொடரை வாங்கும். தான் கண்ட பொருளையும், காணாது எஞ்சிய தொடரையும் இணையாகத் தரும். இவ்விணைகளை ஒரு பட்டியலாகத் தருதல் நலமென்று பிலிப் வாட்லர் என்பார் 1985-இல் ஒரு கட்டுரையிற் காட்டினார். பட்டியல் வெறுமையாயின் பகுப்பி தோற்றதென்பது பொருள். ஒன்றிருப்பின் ஒரு வழியில் வென்றது. பலவிருப்பின் பல வழியில் வென்றது. தோல்விக்கெனத் தனியே ஓர் ஏற்பாடு வேண்டுவதில்லை. பின்னர் 1996-இல் கிரகாம் ஹட்டன், எரிக் மெய்யர் என்னும் இருவர், இத்தகைய பகுப்பிகளைத் தொடக்கத்திலிருந்து கட்டும் முறையைப் பயில்வோர்க்கு எளிதாக விளக்கி எழுதினர்.

கட்டும் முறை சிறுவர் மணல்வீடு கட்டுவதை ஒத்தது. வேண்டிய ஒரு குறியைக் கண்டால் எடுத்துக்கொள்ளும் மிகச் சிறிய பகுப்பி ஒன்றை முதலில் எழுதுதல் வேண்டும். பின்னர் இரண்டு பகுப்பிகளை அடுத்தடுத்து இயங்கவைக்கும் சார்பொன்று, இதுவன்றேல் அது என்று தெரிவுசெய்யும் சார்பொன்று, ஒன்றையே மீண்டும் மீண்டும் இயக்கும் சார்பொன்று ஆகியன இருந்தால் போதும். பகுப்பிகளை வாங்கிப் பெரிய பகுப்பியைத் தருவன இச்சார்புகள். மெய்க்குறியின் பின் புள்ளி வரின் ஒற்று. உயிர்க்குறி வரின் உயிர்மெய். இரண்டும் வாராவிடின் அகரமேறிய மெய். இதனை எழுதியவுடன் எழுத்துப் பகுப்பி முடிந்தது. அதனைக் கொண்டு குறிற் பகுப்பியும் நெடிற் பகுப்பியும் அமைந்தன.

அடுத்தது அசை. இங்கே வரிசை இன்றியமையாததென்று கண்டேன். ‘மலர்’ என்னும் சொல்லை நேர், நிரை என்னும் இரண்டையும் முயலவிட்டால் இரு விடைகள் கிடைக்கின்றன. ‘மலர்’ முழுதும் நிரையென்பது ஒன்று. ‘ம’ நேர், ‘லர்’ எச்சம் என்பது மற்றொன்று. நிரையை முதலில் முயல்க, அது தோற்றால் மட்டும் நேரை முயல்க என்று வரிசைப்படுத்தியவுடன் ஐயம் நீங்கிற்று. அதனோடு எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. தனிக்குறில் சீரின் இறுதியிலன்றி நேரசையாகாது என்னும் விதியை யான் எழுதவே இல்லை. குறிலின் பின் உயிரேறிய எழுத்து வரின் நிரை அதனைக் கவர்ந்துகொள்ளும். ஒற்று வரின் குறிலொற்றாகும். ஒன்றும் வாராத இடத்திலேயே குறில் தனித்து நிற்கும். விதி தானே வெளிப்பட்டு நின்றது. பழைய நிரலில் இவ்வொரு விதிக்கு மட்டும் யான் முப்பது வரி செலவிட்டிருந்தேன்.

இனி நேரசையின் விதியை எழுதவேண்டும். ‘குறில் அல்லது நெடில், அதன் பின் ஒற்று’ என்று எழுதினேன். எழுதியபின் என் கை நின்றது. ஒற்று வரலாம், வாராமலும் இருக்கலாம். அதற்கு இம்மொழியில் இரண்டு சொற்கள் உள்ளன. ‘ஆப்ஷனல்’ என்பது, இருந்தால் ஒன்று, இல்லாவிடில் இல்லை என்னும் பொருளது. ‘மெனி’ என்பது, இல்லாமலும் இருக்கலாம், எத்தனையாயினும் இருக்கலாம் என்னும் பொருளது. இரண்டனுள் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். ஒற்று ஒன்றோ, பலவோ?

அக்கணத்தில் ‘வாழ்க்கை’ என் கண்முன் நின்றது. வா என்பதன் பின் ழகர ஒற்று. அதன் பின் ககர ஒற்று. அதன் பின்னரே கை. ‘பார்த்து’ என்பதிலும் ‘ஈர்ப்பு’ என்பதிலும் இவ்வாறே ஈரொற்று. யாப்பில் ஈரொற்று உடனிற்பினும் ஓரொற்றே போலக் கொள்ளப்படும். பள்ளியில் ‘ஒற்றடுத்து’ என்று படித்தபோது, ஓர் ஒற்று என்றே யான் கருதிக்கொண்டேன். நூல் அவ்வாறு கூறவில்லை. என் மனம் கூறிற்று. பழைய நிரல் வாழ் என்று கொண்டபின், அடுத்த அசைக்கு உயிரேறிய எழுத்தைத் தேடிற்று. க் என்னும் ஒற்றைக் கண்டு மயங்கிப் ‘பிழை’ என்றது. யான் சோதித்த வெண்பாக்கள் சிலவற்றுள் ஒன்றிலேனும் ஈரொற்று வாராமற் போனது என் தீவினை.

பிழை நிரலில் இல்லை. என் இலக்கண அறிவில் இருந்தது. பழைய நிரலில் அவ்வறியாமை 400 வரிகளுக்குள் ஒளிந்துகொண்டது. புதிய நிரலில் அது ஒளிவதற்கு இடமில்லாமல் ஒரே வரியில் என் எதிரே நின்று, ‘நீ எதை அறிந்தாய்?’ என்று என்னைக் கேட்டது. சார்பு நிரல்மொழியில் யான் கண்ட சிறப்பு இதுவே. அதன் வரிகள் குறைவு என்பதன்று, புதிய நிரல் 60 வரிகளுக்குள் அடங்கியது உண்மையாயினும். நிரலின் வடிவமும் இலக்கணத்தின் வடிவமும் ஒன்றாக நிற்றலால், இலக்கணம் அறிந்த ஒருவர் நிரலைப் படித்தே பிழை காணலாம். என் நண்பர் ஹாஸ்கெல் அறியார். எனினும் அவ்வரிகளை அவரிடம் காட்டி, “இது நேர், இது நிரை” என்று கூறியபோது, அவர் தாமே விரல் வைத்து, “இங்கே ஆய்தத்தையும் ஒற்றாகச் சேர்த்தீரோ?” என்று வினவினார். சேர்க்கவில்லை. உடனே சேர்த்தேன்.

தளை பார்த்தலும் இம்முறையில் இனிது முடிந்தது. முன் வந்த சீர் மாவாயின் அடுத்த சீர் நிரையில் தொடங்கவேண்டும். ஆகவே முதற் பகுப்பி கண்ட விடையே அடுத்த பகுப்பி இன்னதென்று முடிவுசெய்கின்றது. இவ்வாறு முன்னதன் விடையைப் பின்னதன் கையிற் கொடுத்து இயக்கும் ஏற்பாட்டிற்கு மோனாட் என்று பெயர். பெயரைக் கேட்டு அஞ்சுவோர் பலர், யானும் அஞ்சினேன். வெண்டளையை எழுதியபின் அச்சம் நீங்கிற்று.

பின்னர்ப் பார்செக் என்னும் பகுப்பித் தொகுதியைக் கைக்கொண்டேன். டான் லைஜென், எரிக் மெய்யர் ஆகியோர் அதனை 2001-இல் விவரித்து எழுதியுள்ளனர். அங்கும் ஓர் இடறல் நேர்ந்தது. இரண்டு வழிகளுள் முதல் வழி ஓரெழுத்தையேனும் உட்கொண்டபின் தோற்குமாயின், பார்செக் இரண்டாம் வழியை நோக்காது. ‘கல்’ என்பதில் நிரைப் பகுப்பி க என்னும் குறிலை உட்கொண்டு, அடுத்த எழுத்தைக் காணாது தோற்றது. நேருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. ‘ட்ரை’ என்னும் சொல்லை நிரையின் முன் வைத்தால், தோற்றவழி உட்கொண்டதைத் திரும்ப உமிழ்ந்துவிட்டு நேருக்கு வழிவிடும். அதனை வைத்தபின் குறை தீர்ந்தது.

இத்தொகுதியை யான் விரும்பியதற்குக் காரணம் வேறு. தோற்றவிடத்து எந்த வரியில், எத்தனையாவது இடத்தில், எதனை எதிர்பார்த்து எதனைக் கண்டு தோற்றதென்பதை அது கூறவல்லது. சோதனைக்காக மெனியை நீக்கி, பழைய பிழையை வேண்டுமென்றே மீண்டும் புகுத்தி, வரியையும் இடத்தையும் சீராகவும் எழுத்தாகவும் மாற்றிச் சொல்லச் செய்து, நண்பரின் முதலடியைக் கொடுத்தேன். “முதலடி, முதற்சீர், மூன்றாம் எழுத்து: உயிரேறிய எழுத்து வேண்டும், ஒற்று வந்துள்ளது” என்று விடை வந்தது. இச்செய்தியை அன்றிரவே அந்நிரல் கூறியிருப்பின், நண்பர் தம் பாட்டைத் திருத்தியிரார்; என்னை எழுப்பி, “உம்முடைய இயந்திரத்திற்கு ஈரொற்று தெரியவில்லை” என்று சொல்லி நகைத்திருப்பார். ‘பிழை’ என்னும் ஒரு சொல்லை மட்டும் கேட்டவர் தம்மையே ஐயுற்றார். காரணத்தோடு கேட்டிருப்பின் நிரலை ஐயுற்றிருப்பார்.

மெனியை மீண்டும் வைத்து, ‘வாழ்க்கை’ என்று தொடங்கும் வெண்பாவைக் கொடுத்தோம். ‘சரி’ என்றது. “இது எனக்கு முன்னரே தெரியும்” என்றார் நண்பர். பரிசு போனது போனதே. ஆனால் அவர் தம் குறிப்பேட்டில் ‘உலகம்’ என்பதை அடித்துவிட்டு ‘வாழ்க்கை’ என்று மீண்டும் எழுதிக்கொண்டார். இப்போதும் அவர் வெண்பா இயற்றுகின்றார்; முதலில் விரலால் எண்ணுகின்றார்; பின்னரே என் நிரலிடம் வருகின்றார். இரண்டும் வேறுபட்டால் இருவரும் அமர்ந்து ஆராய்கின்றோம். இதுவரை பெரும்பாலும் அவர் விரலே வென்றுள்ளது. குற்றியலிகரமும் அளபெடையும் ஐகாரக்குறுக்கமும் இன்னும் யான் செவ்வனே கற்பிக்க வேண்டியவை. எதுகை கெட்டதை அறிய நிரலுக்குக் கற்பிக்கலாம். பாட்டுக் கெட்டதை அறிய எவ்வாறு கற்பிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

கணினி பயிலும் மாணவ நண்பர்களுக்கு ஒன்று கூறி முடிக்கின்றேன். பெரிய நிரல்களை எழுதுமுன் ஒரு சிறு பகுப்பியை எழுதிப் பாருங்கள். நும் வீட்டுக் கணக்கேடாயினும் ஆகுக. நான்கு சீரடியாயினும் ஆகுக. விதியை அதன் சொந்த வடிவிலேயே எழுதுங்கள். எழுதும்போது கை தயங்கும் இடம் ஒன்று வரும். அவ்விடத்தை விரைந்து கடந்துவிடாதீர்கள். நாம் அறியாதது அங்கேதான் இருக்கின்றது. நிரல் பிறரை நோக்கிப் ‘பிழை’ என்று கூறுமாயின், காரணத்தையும் கூறுமாறு செய்யுங்கள். காரணம் கேட்டவர்க்கே, பிழை தம்முடையதோ நம்முடையதோ என்று அறியும் உரிமை கிடைக்கின்றது.